கொல்லையில் வைத்து அம்பாசிடர் இன்ஜினை இறக்குவது எப்படி?

அப்பாவின் 1984 மாடல் அம்பாசிடர் மார்க் 4 பெட்ரோல் வண்டியின் இன்ஜினை வீட்டுக் கொல்லையிலேயே இறக்கி, ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டர்களின் உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்கி), திரும்ப ஏற்றினேன். ஊர் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம். பத்து நாளில் முடியும் என்று நினைத்த வேலை நான்கு மாதம் இழுத்தது. நட்டும் போல்ட்டும் அதற்குக் காரணமில்லை. ஈரத் தரை, தப்பான மாதம், ஆர்.சி. (பதிவுச் சான்று) முடியும் தேதி ஆகிய மூன்றையும் நான் முதலில் யோசிக்கவில்லை. இன்ஜின் செயினில் தொங்குகிற நேரம் மொத்தமே அரை மணிதான். அதற்கு முந்தைய ஏற்பாடு சரியாக இருந்தால் அந்த அரை மணி நேரம் அமைதியாகப் போகும்.

இங்கே சொல்வது 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு. இசுசு இன்ஜின் வந்த பிந்தைய அம்பாசிடர் என்றால் போல்ட்டு அளவுகளும் மவுண்டிங்கும் வேறு. தரை, தாள், தேதி பற்றிச் சொல்வது எந்தப் பழைய காருக்கும் பொருந்தும்.

1. இறக்கத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

புகை வருகிறது, இழுவை இல்லை என்றதும் "இன்ஜினை இறக்கிடலாம்" என்று சொல்லிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் மீட்டர்) ஒன்றை இரவல் வாங்குங்கள். இன்ஜினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் முள் எவ்வளவு ஏறுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அளவு குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி பாருங்கள். முள் நன்றாக ஏறினால் தேய்மானம் பிஸ்டன் ரிங்கிலும் போரிலும் (சிலிண்டரின் உட்சுவர்) இருக்கிறது, இறக்க வேண்டியதுதான். ஏறவே இல்லை என்றால் குறை வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்திருந்தால் பெரும்பாலும் கேஸ்கட்தான். ஹெட்டை மட்டும் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோனால் போதும், பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடல்) வண்டியிலேயே இருக்கலாம். செலவும் வேலையும் பாதிக்குமேல் குறையும்.

சூடான பிறகு ஐடிலிங்கில் ஆயில் பிரஷர் படுத்துவிடுகிறது, அடியிலிருந்து கனமாகத் தட்டுகிற சத்தம் வருகிறது என்றால் பேரிங். அதற்கும் இறக்கித்தான் ஆகவேண்டும்.

2. ஆர்.சி.யைக் கையில் எடுங்கள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். பார்க்க வேண்டியது இரண்டு.

ஒன்று, பதிவு முடியும் தேதி. சொந்த உபயோகக் காருக்கு முதல் 15 ஆண்டு, அப்புறம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க வண்டியை ஆய்வாளர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். இன்ஜின் கொல்லையிலும் வண்டி திண்ணையோரத்திலும் கிடந்தால் என்ன செய்வீர்கள்? எனக்கு அதுதான் நடந்தது. என் வண்டியின் பதிவு 2024 நவம்பரில் முடிந்தது. புரட்டாசி தொடக்கத்தில் இன்ஜினை இறக்கியபோது இரண்டு மாதம் தாராளமாக இருக்கிறது என்றுதான் கணக்குப் போட்டேன். ஜனவரி கடைசியில்தான் விண்ணப்பிக்க முடிந்தது. தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் கூடுதல் கட்டணம் உண்டு, மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே கணக்கு. மூன்று மாதத்துக்கு 1,500 ரூபாய் கட்டினேன்.

புதுப்பிக்கப் படிவம் 25. பதிவு முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆர்.சி., நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, சேசிஸ் நம்பரின் பென்சில் அச்சு ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். பசுமை வரி பாக்கி இருந்தால் அதையும் கட்டச் சொல்வார்கள். கட்டணம் நான் கட்டியபோது 5,000 ரூபாய். 2025 ஆகஸ்ட் முதல் 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 ரூபாய் ஆகிவிட்டது. தேதி முடிய ஆறு மாதத்துக்குள் இருந்தால் முதலில் பதிவைப் புதுப்பியுங்கள், இன்ஜினை அப்புறம் தொடலாம்.

இரண்டாவது, இன்ஜின் நம்பர். ஆர்.சி.யில் உள்ள நம்பரும் பிளாக்கில் உள்ள நம்பரும் ஒன்றா என்று மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள். நாற்பது வருஷத்து வண்டியில் நடுவில் யாராவது பிளாக்கை மாற்றியிருக்கலாம். நம்பரைப் பென்சிலால் தாளில் தேய்த்து அச்செடுத்து வையுங்கள், போட்டோவும் எடுங்கள். இது பின்னால் லேத்தில் உதவும்.

ரீபோர் செய்வது, பிஸ்டன் மாற்றுவது, கிராங்க் கிரைண்ட் செய்வது எதற்கும் ஆர்.டி.ஓ. அனுமதி தேவையில்லை. பிளாக்கையே வேறொன்றாக மாற்றினால் நம்பர் மாறிவிடும். முன் அனுமதி வாங்காமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் ஆர்.சி.யுடன் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. "சென்னை புதுப்பேட்டையில் நல்ல பிளாக் கிடைக்கும், போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால், பில்லும் அந்தப் பிளாக் வந்த வண்டியின் ஆவணமும் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். நம்பரைத் தேய்த்து அழித்த பிளாக்கைத் தொடவே வேண்டாம்.

உங்கள் வண்டி 50 ஆண்டைத் தொட்டுவிட்டது, வின்டேஜ் பதிவு வாங்கும் எண்ணம் இருக்கிறது என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2021இல் வந்த விதிப்படி இன்ஜினிலோ பாடியிலோ பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் அந்தப் பதிவு. பழைய பிளாக்குக்கு ஸ்லீவ் (சிலிண்டருக்குள் செருகும் புது உறை) போட்டாவது அதையே காப்பாற்றுங்கள்.

3. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நம் பக்கத்தில் இந்த வேலைக்கு ஏற்ற காலம் மாசிக் கடைசியிலிருந்து சித்திரை நடு வரைக்கும்தான். சம்பா அறுவடை முடிந்து, வாய்க்கால் காய்ந்து, கொல்லைத் தரை கெட்டிப்பட்டிருக்கும். வைகாசி தொடங்கினால் குறுவைக்கான உழவு வந்துவிடும். லேத்துப் பட்டறையில் டிராக்டர் சாமான்கள் வந்து குவியும், உங்கள் ஒற்றைக் கார் பிளாக் மூலைக்குப் போகும். மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்த பிறகு வாய்க்கால் ஓரத்து வீடுகளில் தரையே நம்பகமில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை நினைக்கவே வேண்டாம்.

நான் புரட்டாசியில் இறக்கினேன். பத்து நாள் என்று சொன்ன லேத்தில் ஏழு வாரம் ஆனது. பிளாக் திரும்பி வந்தபோது மழை தொடங்கிவிட்டது. அந்த நவம்பர் கடைசியில் டெல்டா முழுக்கக் கொட்டிய மழையில் கொல்லையில் கணுக்கால் தண்ணீர். தை பிறந்துதான் இன்ஜினைத் தூக்கும் மூன்று கால் பைப் முக்காலியை மறுபடி நிறுத்த முடிந்தது.

4. தரையைக் கெட்டியாக்குங்கள்

இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இதில் தப்பினால் உயிருக்கு ஆபத்து.

சிமென்ட் தளம் போட்ட ஷெட் இருந்தால் கவலை இல்லை. நம்மில் பலருக்கு இருப்பது கொல்லையும் தென்னை மரமும்தான். மேலே காய்ந்து வெடித்திருக்கிற களிமண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு சாண் தோண்டினால் உள்ளே வெண்ணெய் மாதிரி இருக்கும். என் முதல் முயற்சியில் முக்காலியின் ஒரு கால், இன்ஜின் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அரை அடி மண்ணில் இறங்கியது. இரண்டு நாள் முன்பு பக்கத்துத் தென்னைக்குத் தண்ணீர் விட்டிருந்தேன். இன்ஜின் ஊசலாடிப் போய் முன்பக்கத் தகட்டில் இடித்து நசுக்கியது. என் தம்பி மகன் அந்தப் பக்கம்தான் நின்றிருந்தான். கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

இரண்டாம் முறை செய்தது இதுதான். இரண்டு வாரம் அந்தப் பக்கம் தண்ணீர் விடவில்லை. கால் ஊன்றும் மூன்று இடத்திலும் இரண்டடிச் சதுரத்துக்கு ஓரடி ஆழம் தோண்டி, கிராவல் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து மட்டம் செய்தோம். அதன்மேல் பழைய நிலைக்கட்டைத் துண்டுகள். கடப்பைக்கல்லைப் போடாதீர்கள், ஒரே இடத்தில் பாரம் வந்தால் அது பிளக்கும். வண்டி பின்னால் நகரும் பாதையிலும் சக்கரத்துக்கு அடியில் பலகை வையுங்கள்.

அப்புறம் சோதனை. 60 கிலோ நெல் மூட்டை ஐந்தைச் சேர்த்துக் கட்டி முக்காலியில் தொங்கவிட்டு அரை மணி நேரம் பாருங்கள். இன்ஜின் தனியாக இதில் பாதி கனம்தான் இருக்கும். மூட்டைகள் தொங்கியபடியே லேசாக ஆட்டிப் பாருங்கள். எந்தக் காலாவது ஓரங்குலம் இறங்கினாலும் மூட்டையை இறக்கிவிட்டு அந்த இடத்தை மறுபடி இடியுங்கள். இந்தச் சோதனைக்குக் காசு செலவே இல்லை.

மாட்டுக் கொட்டகை உத்திரம், மாமரக் கிளை, போர்டிகோ கம்பி எதிலும் கட்டாதீர்கள். "எங்க தாத்தா காலத்துல இதுலதான் தூக்குனாங்க" என்று சொன்னாலும் வேண்டாம்.

5. முக்காலியும் செயின் பிளாக்கும்

கடையில் இன்ஜின் கிரேன் வாடகைக்குத் தேடி அலைந்தேன். எங்கள் பக்கம் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் அதன் சிறு சக்கரங்கள் மண் தரையில் உருளாது. போர்வெல் மோட்டார் ஏற்றி இறக்குகிறவர்களிடம் இரும்புப் பைப்பில் செய்த மூன்று கால் உண்டு, ஒரு டன் தூக்கும் செயின் பிளாக்கும் (சங்கிலிக் கப்பி) உண்டு. நம் ஊர்களில் எல்லா இடத்திலும் இருப்பார்கள். நாள் வாடகை இரண்டுக்கும் சேர்த்து 600 ரூபாய் கொடுத்தேன். வெயில் காலத்தில் அவர்களுக்கு வேலை அதிகம் என்பதால் ஒரு வாரம் முன்பே சொல்லி வையுங்கள்.

பைப் 12 அடி நீளம் இருக்கட்டும். கால்களுக்கு இடையே 9 அடி விட்டு நிறுத்தினால் உச்சி பத்தரை அடிக்கு மேல் வரும், வண்டியும் நடுவில் நுழையும். இரண்டு கால் வண்டியின் இருபக்கமும், ஒரு கால் வண்டிக்கு முன்னால். இன்ஜினைத் தூக்கியதும் அது அங்கேயே தொங்கும், வண்டியைப் பின்னால் தள்ளுவோம். மூன்று காலையும் தரையருகே சங்கிலியால் சுற்றிக் கட்டுங்கள், விரியாமல் இருக்கும். செயின் பிளாக்கின் கொக்கி வாய் விரிந்திருக்கிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, பாதியில் விட்டால் பாரம் தானாக நிற்கிறதா என்று மூட்டைச் சோதனையிலேயே தெரிந்துவிடும்.

6. அங்குல ஸ்பேனர்

இந்த இன்ஜின் பிரிட்டிஷ் வடிவமைப்பு, போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு. வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்துகிற மாதிரியே இருக்கும். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ., அதில் 13ஐப் போட்டு முக்கினால் தலை உருண்டுவிடும். 9/16க்கு 14 நுழையாது, 15 வழுக்கும். 5/8க்கு 16ம் 3/4க்கு 19ம் ஏறக்குறைய பொருந்தும். 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 ஆகிய ஐந்திலும் ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும் வாங்குங்கள். எனக்கு 2,400 ரூபாய் ஆனது. வாங்கத் தயங்கியதால் பெல் ஹவுசிங் (இன்ஜினோடு இணையும் கியர்பாக்ஸின் முன்பக்கக் கூடு) போல்ட்டு இரண்டை உருட்டி, உளி வைத்து வெட்டி எடுக்க ஒரு முழு நாள் போனது. மேனிஃபோல்ட் நட்டுகளில் மூன்று நாள் முன்பிருந்தே துரு எண்ணெய் விட்டு வையுங்கள்.

7. முதல் நாள்: கழற்றும் வரிசை

வரிசை முக்கியம். ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் போட்டோ, கழற்றிய பின் தனிப் பையில் போட்டுச் சீட்டு. "முன் மவுண்டிங் இடது, 2 போல்ட்டு" என்று எழுதுங்கள். நினைவில் இருக்கும் என்று நினைக்காதீர்கள், திரும்ப மாட்டும்போது மாதங்கள் ஓடியிருக்கும்.

முதலில் பேட்டரி. எந்த ஒயர் பாடியில் இணைந்திருக்கிறதோ அதை முதலில் எடுங்கள். மிகப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கலாம், அதனால் "நெகட்டிவை எடு" என்று கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டாம். பேட்டரியை வண்டியிலிருந்தே இறக்கி வையுங்கள்.

அடுத்து பானெட். கீல் இருக்கும் இடத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்ட பிறகு கழற்றுங்கள். இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது இடைவெளி சரியாக வராது. ரேடியேட்டர், பிளாக் இரண்டின் தண்ணீரையும் வடியுங்கள். பிளாக்கின் வடிகுழாய் துருவால் அடைத்திருக்கும், கம்பியால் குத்துங்கள். ரேடியேட்டரைக் கழற்றித் தனியாக நிறுத்தி வையுங்கள். இன்ஜின் ஆயில் நாலு லிட்டர் போல வரும். அதை வாய்க்காலிலோ எருக்குழியிலோ ஊற்றிவிடாதீர்கள். அந்தத் தண்ணீர்தான் வயலுக்குப் போகிறது. கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள், கழிவு ஆயில் எடுக்க அங்கே ஆள் வருவார்கள்.

பெட்ரோல் குழாயைக் கழற்றியதும் முனையில் ஒரு போல்ட்டைச் செருகி கிளிப் போடுங்கள். கொல்லை அடுப்பு அன்றைக்கு எரியக் கூடாது. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கார்புரேட்டர், ஏர் கிளீனர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார். இவை இன்ஜினோடு வந்தாலும் பரவாயில்லை என்பார்கள். கழற்றிவிடுங்கள், கனம் குறையும், இடித்து உடைகிற சாமானும் குறையும். சைலன்சர் பைப்பை மேனிஃபோல்டிலிருந்து பிரியுங்கள்.

எல்லோரும் மறப்பது நாலு: இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை, ஆயில் பிரஷருக்குப் போகும் ஒயர் அல்லது மெல்லிய குழாய், டெம்பரேச்சர் ஒயர், ஹீட்டர் குழாய் இருந்தால் அது. தூக்கும்போது "ஏதோ பிடிக்குது" என்றால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான்.

இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டும். கியர்பாக்ஸோடு சேர்த்துத் தூக்குவதா, இன்ஜினை மட்டுமா? சேர்த்துத் தூக்கினால் கனம் 200 கிலோவை நெருங்கும், சாய்த்துச் சாய்த்து எடுக்க வேண்டும், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், ஸ்டீயரிங் கியர் லிங்க் எல்லாம் கழற்ற வேண்டும். முதல்முறை செய்கிறவர்களுக்கு இன்ஜினை மட்டும் தூக்குவதே நல்லது என்பது என் கருத்து. அப்படிச் செய்தால் கிளட்ச் லிங்க்கைக் கூடத் தொட வேண்டியதில்லை. கிளட்ச் ஹைட்ராலிக் என்றால் இன்ஜின் வெளியே இருக்கும்போது பெடலை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கியர்பாக்ஸ் முன்பக்கம் தொங்கிவிடக் கூடாது. இன்ஜின் அறையின் பின்விளிம்பில் குறுக்காக ஒரு கட்டையைப் போட்டு, பெல் ஹவுசிங்கை லாரி பெல்ட்டால் அதில் இறுக்கிக் கட்டுங்கள். வண்டியைத் தள்ள வேண்டியிருப்பதால் அடியில் ஜாக்கி வைத்துத் தாங்குவது உதவாது.

வண்டிக்கு அடியில் படுத்துச் செய்யும் வேலைக்கு ஸ்டாண்டு அல்லது கனமான மரக்கட்டை அடுக்கு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல் வைத்தோ அடியில் போகாதீர்கள்.

8. இரண்டாம் நாள்: தூக்குவது

காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். மூன்று பேர் போதும்: ஒருவர் செயின் இழுக்க, ஒருவர் இன்ஜினைப் பிடித்து வழிகாட்ட, ஒருவர் பின்னால் பெல் ஹவுசிங்கைப் பார்க்க. சொல்வது ஒருவர் மட்டும். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அன்புடன்தான் ஆலோசனை சொல்வார்கள், வேலிக்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை அன்று வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

சங்கிலியை எதில் மாட்டுவது? மேனிஃபோல்டிலோ ஃபேனிலோ கூடாது. ஹெட் எப்படியும் கழலப்போகிற வேலை என்பதால், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக மூலைவிட்டத்தில் இரண்டு ஹெட் நட்டை எடுத்து, 6 மி.மீ. இரும்புப் பட்டையில் துளைபோட்ட கொக்கியை ஸ்டட்டில் செருகி நட்டை மறுபடி இறுக்கினேன். பட்டையை லேத்தில் செய்து வாங்கலாம். கயிறு வேண்டாம்.

செயினை லேசாக இறுக்கி, பாரம் செயினுக்கு வந்ததும் இரண்டு பக்க மவுண்டிங் போல்ட்டுகளையும் பெல் ஹவுசிங் போல்ட்டுகளையும் எடுங்கள். ஓரங்குலம் மட்டும் தூக்குங்கள். இனி முன்னால் இழுக்க வேண்டும், மேலே அல்ல. கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டைவிட்டு முழுதாக வெளியே வரும்வரை மேலே தூக்கினால் இன்ஜின் பாரம் அந்த ஷாஃப்டில் ஏறும், பிளேட்டும் பேரிங்கும் போய்விடும். பிரியவில்லை என்றால் கடப்பாரையை நுழைக்காதீர்கள். எங்கோ ஒரு போல்ட்டு பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். பையில் இருக்கும் போல்ட்டுகளை எண்ணுங்கள், கையை விட்டு அடிப்பக்கம் தடவிப் பாருங்கள். எனக்கு ஒன்று செல்ஃப் மோட்டார் இருந்த பள்ளத்தில் கிரீஸுக்குள் மறைந்திருந்தது.

பிரிந்ததும் நாலங்குலத்துக்கு ஒருமுறை நிறுத்தி, சுற்றிப் பார்த்துத் தூக்குங்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே விரலை விடாதீர்கள். தள்ள வேண்டும் என்றால் கட்டையால் தள்ளுங்கள். ஆயில் சம்பு (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) முன்பக்கத் தகட்டைத் தாண்டியதும் வண்டியைப் பின்னால் தள்ளுங்கள். உடனே இன்ஜினைத் தாழ்த்துங்கள், உயரத்தில் தொங்கவிட்டபடி டீ குடிக்கப் போகக் கூடாது. பட்டறையில் "இறக்குவது" என்று சொல்கிற வார்த்தைக்கு இந்த இடத்தில்தான் பொருள் வருகிறது.

கீழே இறக்கி வைக்க இரண்டு பழைய டயரை அடுக்கி வையுங்கள். சம்பு நசுங்காமல் உட்காரும்.

9. இறக்கிய பிறகு

வண்டியின் இன்ஜின் அறையைத் துணியால் அல்ல, தகட்டால் மூடுங்கள். அறுவடை முடிந்த வயலிலிருந்து எலி வீட்டுப் பக்கம்தான் வரும். எனக்கு மூன்று ஒயர் போனது. திறந்திருக்கும் ஒயர் முனைகளை டேப் சுற்றி மேலே தூக்கிக் கட்டுங்கள். பிளாக் அன்றே லேத்துக்குப் போகவில்லை என்றால் சிலிண்டருக்குள் ஆயில் தடவி வையுங்கள். நம் ஊர்ப் பனிக்கு ஒரு ராத்திரியில் சிவந்துவிடும். நாகை, வேதாரண்யம் பக்கம் என்றால் இன்னும் சீக்கிரம்.

10. லேத்துக்கு அனுப்பும்போது

மூன்று சங்கதி. முதலாவது, போரை அளந்து சொல்ல மட்டும் முதலில் கொடுங்கள். 20 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸா, 30, 40ஆ என்று தெரிந்த பிறகு பிஸ்டனை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்து, அந்தப் பிஸ்டனை அளந்து போர் போடச் சொல்லுங்கள். போர் போட்ட பிறகு பிஸ்டன் தேடினால் அந்த அளவு கிடைக்காமல் போகலாம். இந்த வண்டிக்குச் சாமான் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கிடைக்கிறது, லாரி பார்சலில் வரும்.

இரண்டாவது, மெயின் பேரிங் மூடிகள் மூன்றையும் கனெக்டிங் ராடு மூடிகள் நாலையும் எண் குத்தி, திசையும் குறித்துக் கொடுங்கள். ஒன்றின் மூடி இன்னொன்றுக்குப் போனால் கிராங்க் சுற்றாது.

மூன்றாவது, என்றைக்குத் தருவார் என்று பில்லிலேயே தேதி எழுதி வாங்குங்கள், முன்பணம் பாதிக்குமேல் வேண்டாம். நான் முழுத் தொகையும் முதலிலேயே கொடுத்துவிட்டேன், ஏழு வாரம் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பிளாக்கை எடுக்கப் போகும்போது இன்ஜின் நம்பரின் பென்சில் அச்சைக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள். ஒரே மாதிரிப் பிளாக் இரண்டு அங்கே கிடப்பது சாதாரணம்.

11. எனக்கு ஆன செலவு

முக்காலி, செயின் பிளாக் மூன்று நாள் 1,800. கூட நின்ற இருவருக்குக் கூலி 3,200. ஸ்பேனர் 2,400. துரு எண்ணெய், மண்ணெண்ணெய், பைகள் 650. கும்பகோணத்துக்கு மினி வேன் போக வர 1,200. லேத்து வேலை 8,500. பிஸ்டன், பேரிங், கேஸ்கட் செட், கிளட்ச் பிளேட் எல்லாம் சேர்த்து 19,500. இன்ஜினைக் கோர்த்துக் கொடுத்த மெக்கானிக்குக் கூலி 9,000. மொத்தம் 46,250 ரூபாய். தாமதக் கட்டணம் 1,500 இதில் சேரவில்லை. இன்ஜினைக் கோர்ப்பதை நானே செய்யவில்லை. அதற்கு அளவுக் கருவியும் பழகிய கையும் வேண்டும், அந்த 9,000 நியாயமான செலவு.

நாள் கணக்கு: தரைக்கும் சோதனைக்கும் மூன்று நாள், கழற்ற ஒன்று, தூக்க ஒன்று, லேத்துக்கு நாலு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கோர்க்க மூன்று நாள், ஏற்றி மாட்ட இரண்டு. பங்குனி முதல் வாரம் தொடங்கினால் சித்திரைக்குள் வண்டி ஓடும்.

12. திரும்ப ஏற்றும்போது

அதே வரிசை தலைகீழாக. ஒரே ஒரு கூடுதல் வேலை: கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்தி இறுக்க வேண்டும். பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஒன்று மெக்கானிக்கிடம் இருக்கும், அதைச் செருகி நடுப்படுத்தி பிரஷர் பிளேட்டை இறுக்குங்கள். இல்லையென்றால் இன்ஜின் கடைசி ஓரங்குலம் உள்ளே போகாது. அந்த இடைவெளியை பெல் ஹவுசிங் போல்ட்டை முறுக்கி இழுத்து மூடப் பார்க்காதீர்கள், அலுமினியம் வெடித்துவிடும். வெளியே எடுத்து மறுபடி நடுப்படுத்துங்கள்.

எர்த் பட்டையை மாட்டினீர்களா என்று பாருங்கள். ஆயில் ஊற்றி, பிளக்குகளை மாட்டாமலே செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் முள் ஏறுவதைப் பார்த்த பிறகு பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் 500 கிலோமீட்டருக்கு வேகத்தை 50க்குள் வைத்து, அந்த ஆயிலை மாற்றிவிட்டு, ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். நான் பாபநாசத்திலிருந்து திருவையாற்றுக்கும் கும்பகோணத்துக்கும் மாறி மாறி ஓட்டியே அந்த 500ஐ முடித்தேன். அதன் பிறகுதான் படிவம் 25உடன் வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோனேன்.